மச்சம் இல்லாத ஜெர்மன்காரன்

மணவாள நகரில் வந்து ஜெர்மனி வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். பால்காரர் முதல் சிலிண்டர் தூக்கி வருகிறவர் வரை எல்லாருக்கும் நான் ஜெர்மன்காரர். புதிதாகக் குடிவந்தவர்கள் மட்டும் மரியாதையாக, "அங்க எத்தினி வருஷம் சார் இருந்தீங்க?" என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி கஸ்தூரி உள்ளேயிருந்து பதில் சொல்லிவிடுவாள்.

"அவரு எங்கயும் போகல. போறதுக்குக் கெளம்பினவரு, அவ்ளோதான்."

போய்வந்தவனுக்குப் பெயர் வைப்பது சுலபம். போகாதவனுக்கு அந்த நாட்டுப் பெயரையே வைக்கவேண்டுமென்றால் அவன் பெரிதாக ஏதாவது செய்திருக்கவேண்டும். நான் செய்தேன். இன்று அதைச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்று எங்கள் வீட்டில் மூன்று வேளை அடுப்பு எரியவில்லை.

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையில் ஃபிட்டராக இருந்தேன். மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு புது மெஷின் வரப்போகிறது, அதைப் பிரிக்கவும் பூட்டவும் கற்றுவர ஓர் ஆள் ஆறு மாதம் அங்கே போகவேண்டும் என்று பேச்சு வந்தது. மேனேஜர் என்னைத் தேர்ந்தெடுத்தார். (திறமைக்காக என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். மற்றவர்களுக்கெல்லாம் கைக்குழந்தை இருந்தது என்று பிற்பாடு தெரிந்தது.) என்னால் முடியாவிட்டால் இன்னொரு ஃபிட்டர் ஏசுதாஸ் போகவேண்டும் என்றும் சொல்லிவைத்தார். போய்வந்தால் ஃபோர்மேன். போகாவிட்டால் சாகும்வரை கிரீஸ் டப்பா.

அதோடு நிற்கவில்லை. பொன்னேரியில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். முதலில் "யோசிச்சுச் சொல்றோம்" என்று இழுத்த பெண்ணின் அப்பா, ஜெர்மனி என்றதும் யோசிப்பதை நிறுத்திவிட்டார். ஆக, வேலையும் கல்யாணமும் ஒரே விமானத்தில் ஏறி உட்கார்ந்திருந்தன. நான் ஏறவேண்டியதுதான் பாக்கி.

ஏறுவதற்கு என்னென்ன வேண்டும் என்று ஆபீசில் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. பாஸ்போர்ட், விசா, கம்பெனிக் கடிதம், நெஞ்சு எக்ஸ்ரே, அம்மை ஊசி போட்டதற்கு மஞ்சள் புத்தகம். ஊசி போட்டுக்கொண்டு கை வீங்கிப் படுத்திருந்த என்னைப் பார்க்க அக்கா வீட்டுக்காரர் முனிரத்தினம் மாமா வந்தார். மாமா லாரி டிரைவர். சரக்கு ஏற்றிக்கொண்டு எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி ஆந்திரா பக்கம் போகிறவர். அதனால் உலகத்தில் எந்த எல்லையை எப்படித் தாண்டுவது என்று தனக்குத் தெரியும் என்பது அவர் எண்ணம். எங்கள் எல்லாருடைய எண்ணமும் அதுவாகத்தான் இருந்தது.

"இன்னா நைனா, இதுக்கே பேஜாராயிட்டியே. பார்டருன்னா எல்லாம் ஒரே பார்டருதான். காயிதத்த நீட்டணும், மூஞ்சிய நேரா வச்சிக்கணும், கேட்டதுக்கு மேல பேசக்கூடாது. நான் கூட வரேன், நீ உடு."

பாஸ்போர்ட்டுக்கு முதலில் போட்டோ. திருவள்ளூரில் தேரடிப் பக்கம் இருந்த ஸ்டுடியோவுக்கு அக்காவும் கூட வந்தாள். அங்கேதான் என் விதி உட்கார்ந்திருந்தது. பொன்னேரிக்கும் ஒரு படம் அனுப்பவேண்டும். எதற்கு இரண்டு தடவை எடுப்பது, ஒன்றையே இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று அக்கா முடிவு செய்தாள்.

என் இடது கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு. மச்சம் என்று நாசூக்காகச் சொல்கிறேன். சுண்டைக்காய் அளவில், நடுவில் இரண்டு முடியோடு, நான் வருவதற்கு முன்னால் அது வரும்.

அக்கா ஸ்டுடியோக்காரரிடம் ரகசியமாக, "பொண்ணு ஊட்டுக்குப் போற படம். கொஞ்சம் பாத்துப் போடுங்கண்ணா" என்றாள்.

அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்காரரிடம் 'பாத்துப் போடுங்க' என்று சொல்வது டாக்டரிடம் உயிரைக் கொடுப்பது மாதிரி. அவர்கள் நெகட்டிவை வெளிச்சத்தில் வைத்து, கூரான பென்சிலால் தொட்டுத் தொட்டு முகத்தைச் சீர் செய்வார்கள். டச் செய்யாத படத்தை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டார்கள், அது ஸ்டுடியோவுக்கு அவமானம். எங்கள் ஸ்டுடியோக்காரர் அன்று தன் வித்தையை முழுவதும் என்மேல் இறக்கிவிட்டார். படம் வந்தபோது அதில் இருந்தவனுக்கு மச்சம் இல்லை. கன்னம் ஒட்டவில்லை. நெற்றியில் ஒரு பளபளப்பு. அக்கா, "அப்படியே நீதான்டா" என்றாள். நானும் வெட்கமில்லாமல், "ஆமாக்கா" என்றேன். (சட்டை மட்டும் என்னுடையது.)

விண்ணப்பத்தை டைம் ஆபீஸ் கிளார்க் டைப் அடித்தார். 'பார்த்தவுடன் தெரியும் அங்க அடையாளம்' என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதற்குமேல் அவர் எதையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. 'இடது கன்னத்தில் பெரிய மச்சம்' என்று அடித்தார். படத்தை ஒட்டினவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தவர் படத்தைப் பார்க்கவில்லை. பாஸ்போர்ட் வந்தது. வீட்டில் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினோம்.

விசா வாங்க மெட்ராசுக்குப் போன அன்று மாமா லாரியை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வெள்ளை வேட்டியில் வந்தார். சென்ட்ரலில் இறங்கி, நாஷ்டா முடித்து, விசா ஆபீஸ் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமாவை உள்ளே விடவில்லை. "போ நைனா, மூஞ்சிய நேரா வச்சிக்கோ" என்று சொல்லி அனுப்பினார்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார அம்மாள். பக்கத்தில் நம்மூர் ஆள் ஒருவர், அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல. அம்மாள் பாஸ்போர்ட்டைத் திறந்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தை. நான் மூஞ்சியை நேராகவே வைத்திருந்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று, மச்சம் முழுசாகத் தெரிந்தது.

"உங்களுக்கு அண்ணன் தம்பி யாராவது இருக்காங்களான்னு மேடம் கேக்கறாங்க."

"ஒரு அக்கா இருக்காங்க சார்."

"இது அக்கா படம் இல்லையே."

டச் செய்வதை அவர்களுக்கு எப்படி விளக்குவது? பென்சிலால் தொடுவதுபோல் காற்றில் செய்துகாட்டினேன். என் கன்னத்தைத் தொட்டு, பிறகு அழித்துக் காட்டினேன். அந்த அம்மாள் பொறுமையாகப் பார்த்துவிட்டு, நம்மூர் ஆளிடம் ஏதோ சொன்னார்.

"பரவாயில்ல. இது நீங்கதான்னு உங்க கம்பெனியிலேருந்து ஒரு லெட்டர், டச் பண்ணாத ஒரு போட்டோ, ரெண்டையும் எடுத்துக்கிட்டு இந்த வாரத்துக்குள்ள வாங்க. மத்த பேப்பர் எல்லாம் சரியா இருக்காம்."

இதைக் கவனிக்கவேண்டும். கதவு மூடவில்லை. எந்தக் கொடுமைக்காரரும் என்னைத் துரத்தவில்லை. ஒரு கடிதமும் ஒரு போட்டோவும் கொண்டுபோயிருந்தால் நான் ஜெர்மனியைப் பார்த்திருப்பேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சாதம் இறங்குவதில்லை.

வெளியே வந்து மாமாவிடம் சொன்னேன். எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் கொஞ்சம்கூடக் கவலை இல்லை.

"மச்சம் இல்ல, அதானே? இதுக்கு இன்னாத்துக்கு திரும்ப அவ்ளோ தூரம் போவணும்? எங்க பர்மிட்டு மழையில நனைஞ்சி நம்பரு மங்கிப்பூடுச்சின்னு வையி, செக்போஸ்டுக்கு முன்னாடி வண்டிய ஓரங்கட்டி, பேனாவால மேலயே ஒரு இழுப்பு இழுப்போம். இல்லாதத எழுதினாதான் தப்பு. இருக்கிறத எழுதறதுல இன்னா தப்பு? மச்சம் ஒனக்கு இருக்குதா இல்லியா?"

"இருக்குது மாமா."

"அப்போ வையி."

எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்த வாதத்தில் எங்கே ஓட்டை என்று எனக்கு அன்று தெரியவில்லை. (வக்கீலுக்குப் படிக்கும் என் பேரனுக்குக்கூடச் சொல்ல ஒரு நிமிஷம் ஆயிற்று.) மாமா சட்டைப்பையிலிருந்து இங்க் பேனாவை எடுத்தார். அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல் என்பதால் நான்தான் வைத்தேன். கையால் என் இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். படத்திலும் அதே கைப்பக்கமாக, இடது ஓரத்தில் வைத்தேன்.

படத்தில் இருப்பவன் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான், அவன் இடது நமக்கு வலது என்பது எனக்கோ மாமாவுக்கோ தோன்றவில்லை. போதாக்குறைக்கு வழுவழுத்தாளில் மை நிற்காமல் பரவிற்று. சுண்டைக்காய் எலுமிச்சங்காயாகிக் காதைத் தொட்டது. மாமா அதை ஊதி ஊதிக் காயவைத்தார்.

மத்தியானம் மறுபடி உள்ளே போனேன். அந்த அம்மாள் பாஸ்போர்ட்டைத் திறந்தார். இந்தத் தடவை என்னைப் பார்க்கவே இல்லை. நெடுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிக மெதுவாக ஏதோ சொன்னார். நம்மூர் ஆள் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"காலையில மச்சம் இல்ல. மத்தியானம் வந்திருக்கு, ஆனா பக்கம் மாறி வந்திருக்கு. சாயங்காலத்துக்குள்ள எங்க போகும்னு மேடம் கேக்கறாங்க."

நான் அப்போதுதான் கையைத் தூக்கி என் கன்னத்தைத் தொட்டேன். பிறகு படத்தைப் பார்த்தேன். பிறகு தரையைப் பார்த்தேன். பாஸ்போர்ட்டில் கை வைத்தவனுக்கு விசா கிடையாது. பாஸ்போர்ட் என் கைக்குத் திரும்பி வரவும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விரித்துச் சொல்லத் தெம்பு இல்லை. விசாரணைக்கு வீட்டுக்கு வந்த போலீஸ்காரர், "பாஸ்போர்ட்டுல இன்னாய்யா திருத்தின?" என்று கேட்டார். "மச்சம் வச்சேன் சார்" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அக்காவிடம் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "மொதல்ல அத எடுத்தது யாரு?" என்று அடுத்துக் கேட்டார். அக்கா அழத் தொடங்கினாள். எச்சரிக்கை செய்து விட்டுவிட்டார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, சொந்த மூஞ்சியில் இடது வலது தெரியாதவனை எந்த மெஷினைப் பூட்ட அனுப்புவது என்று கேட்டார். ஏசுதாஸ் போனான்.

பொன்னேரிக்குச் சேதி சொல்ல நானே போகவேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். மாமா அன்றைக்கு லோடு இருக்கிறது என்று நெல்லூருக்குப் போய்விட்டார். நானும் அக்காவும் போய் உட்கார்ந்தோம். பெண்ணின் அப்பா, அனுப்பிய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்போ இந்தப் படத்துல இருக்கிறது யாரும்மா?" என்றார். ஜெர்மனி போயிற்று, ஃபோர்மேன் போயிற்று, இதுவும் போயிற்று என்று நான் செருப்பைத் தேட எழுந்தேன்.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"இருக்கட்டும்பா. மச்சம் இருந்தா நல்லதுதான். திருவிழாக் கூட்டத்துல தொலைஞ்சாலும் கண்டுபுடிச்சிக்கலாம்."

அதுதான் கஸ்தூரி. அதற்குப் பிறகு இன்றுவரை எந்தக் கூட்டத்திலும் அவள் என்னைத் தொலைக்கவில்லை. ஆனால் எந்தக் கூட்டத்திலும் இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதும் இல்லை.

ஏசுதாஸ் திரும்பி வந்து எனக்கு ஃபோர்மேன் ஆனான். நல்லவன், எனக்கு அங்கிருந்து ஒரு ஸ்பேனர் செட் கொண்டுவந்து கொடுத்தான். ஆனால் நான் ரிட்டயர் ஆகும்வரை, எந்த நட்டை முடுக்கினாலும் பின்னால் வந்து நின்று, "இடது பக்கம் தயாளா. உன் இடது இல்லப்பா, மெஷினோட இடது" என்று சொல்லாமல் இருந்ததில்லை. முனிரத்தினம் மாமா மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "யோசன சரிதான். பையன் பக்கம் மாத்தி வச்சிட்டான்" என்பார்.

அந்தப் படத்தின் இன்னொரு பிரதி இன்றும் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் என் தம்பியா என்று கேட்பார்கள். "அவருதான் எனக்குப் பாத்த மாப்பிள்ள. இன்னும் வந்து சேரல" என்பாள் கஸ்தூரி.

போன மாதம் எனக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். வீடு திரும்பிய அன்று, எனக்கு ஏதாவது ஆனால் இந்தப் படத்துக்குத்தான் மாலை போடவேண்டும் என்று கொஞ்சம் உருக்கமாகச் சொல்லிவைத்தேன். கஸ்தூரி முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"அதுக்கு மாலை போட்டா செத்தது யாருன்னு ஊரு கேக்கும். மேல இருக்கிறவனும் படத்தையும் மூஞ்சியையும் பாத்துட்டு, ஆள் இவன் இல்லன்னு திருப்பி அனுப்பிடுவான். நீ அவ்ளோ சீக்கிரம் எங்கயும் போவ மாட்ட. கால நீட்டிக்கினு தூங்கு."