தவிர்க்க முடியாத சிறு கசிவு

ஒப்புக்கொள்கிறேன்: எனக்குச் சட்டத்தைவிட அதன் விதிவிலக்குகளைத்தான் அதிகம் பிடிக்கும். சட்டம் 'செய்யாதே' என்று ஒரே வரியில் முடிந்துவிடும். விதிவிலக்கில்தானே சுவாரசியம்!

ஏ.சி திருத்தும் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த சட்டம் இது: உள்ளே இருக்கும் காஸை வெளியே விடக்கூடாது, சிலிண்டரில் உறிஞ்சி எடுக்க வேண்டும். விட்டால் ஓசோன் படலம் ஓட்டையாகும், அல்லது பூமி சூடாகும். விதிவிலக்கு இரண்டு. குழாயைப் பொருத்திக் கழற்றும்போது தவிர்க்க முடியாமல் கசியும் சிறு அளவு குற்றமில்லை. உயிராபத்து என்றாலும் விடலாம். இரண்டையும் தேவாரம் மாதிரிப் பாடமாக்கினேன்.

செய்முறைப் பரீட்சை யாழ்ப்பாணத்தில். மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தவர் என் கூடப்பிறந்த குகன் அண்ணை. சுன்னாகத்தில் திருத்தும் கடை வைத்திருந்தார். நான் பாஸ் பண்ணினால் கடை என் பெயருக்கு மாறும் என்று சொல்லி, 'வாணி குளிரூட்டி நிலையம், அனுமதி பெற்றது' என்று பலகையே எழுதிவிட்டார். (பரீட்சைக்கு முதலே! எங்கள் குடும்பத்தின் அவசரம் அப்படி.)

"பதறாதை பிள்ளை, கடையிலை செய்யிற மாதிரிச் செய்," என்றார் வாசலில் நின்று.

அங்கேதான் வந்தது வினை. அண்ணையின் கடையில் (ஊரில் பல கடைகளிலும்தான்) பழைய ஏ.சி வந்தால் முதல் வேலை, நட்டைத் தளர்த்திக் காஸைக் காற்றில் விடுவது. நாலு வருடம் அதிலேயே பழகிய கை. பரீட்சகர் "தொடங்குங்கோ" என்றதும் உற்சாகம் தலைக்கேறி ஸ்பானரைப் போட்டு ஒரே திருகு!

"ஸ்ஸ்ஸ்ஸ்..."

ஐயோ! உறிஞ்சும் இயந்திரத்தின் பக்கமே நான் போகவில்லை. நட்டைத் திருப்பி இறுக்கப் பார்த்தேன், காஸின் குளிரில் விரல் விறைத்தது. வெள்ளைப் புகை மேசையை மூடியது.

"என்ன பிள்ளை இது?"

"தவிர்க்க முடியாத சிறு கசிவு, ஐயா!" என்று முழங்கினேன்.

பரீட்சகர் மணிக்கூட்டைப் பார்த்தார். சத்தம் நிற்கவேயில்லை.

"சிறிசு இன்னும் முடியேல்லையோ?"

"அப்ப... உயிராபத்து, ஐயா!"

"ஆற்றை உயிருக்கு?"

"என்ரை உயிருக்குத்தான். அண்ணை வாசலிலை நிக்கிறார்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு, சிரித்துக்கொண்டே, பெயில் போட்டார். "ஆர் உப்பிடிப் பழக்கினது?" என்று கேட்டபோது, வெட்கமில்லாமல் வாசலைக் கைகாட்டினேன். அவரையும் படிக்க வரச்சொல்லி உத்தரவு; அடுத்த வகுப்பில் அண்ணையும் என் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தார்!

மூன்று மாதம் பலகைக்குச் சாக்குப் போர்த்தியிருந்தது. இரண்டாம் முறை நான் பாஸ், அண்ணை பெயில். சாக்கை இழுத்தெடுத்தபோது நான் குதித்த குதியில் கடை வாசல் அதிர்ந்தது. அவர் பாஸ் பண்ணும்வரை எனக்கு உதவியாளராய் இருந்தார். அந்த ஆனந்தத்தை எழுதிமாளாது.

அதற்குப் பிறகு வீட்டில் பால் பொங்கினாலும் அம்மா "சிறு கசிவு!" என்றுதான் குரல் கொடுப்பார். என் கலியாணத்தன்று நான் புறப்படும் நேரம், அண்ணை தூணுக்குப் பின்னால் நின்று சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணை இது?" என்றேன்.

"தவிர்க்க முடியாததடி," என்றார். "ஆனால் சிறிசில்லை."