மறியலுக்குக் கொண்டுபோன குடம்

பயந்த சுபாவம் உள்ளவர்கள் மறியலுக்குப் போகக் கூடாது. போனாலும் வெறுங்கையோடு போக வேண்டும்.

அப்போது என் மகனுக்கு நடக்கத் தெரியாது. ஓட மட்டும்தான் தெரியும். தஞ்சாவூரில் பெரிய சாலையில் பாலம் வேலை நடந்ததால், மினி பஸ்கள் எங்கள் தெருவில் பறந்தன. கேட்டைப் பூட்டினேனா என்று பார்க்க அடுப்படியிலிருந்து ஓடி ஓடி வருவேன். (சாம்பார் அடிபிடித்ததுதான் மிச்சம்.) அப்படியும் ஒரு காலை, பஸ்ஸின் முன்சக்கரத்துக்குக் கை எட்டும் தூரத்தில் நின்றான்.

அன்றே வேகத்தடை கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். எதிர்வீட்டு சுந்தரம் சார் மட்டும் மறுத்தார்.

"பொண்ணு நிறைமாசமா இருக்காம்மா. ஆட்டோ தூக்கிப் போட்டா யாரு பதில் சொல்றது? நீங்க புள்ளையப் புடிச்சு வச்சுக்குங்க."

அவர் சொல்வதும் நியாயம்தானோ என்று குழம்பினேன். ஆனாலும் மற்ற வீட்டுக்காரர்கள் சேர்ந்துகொண்டதால் மறியல் முடிவானது.

பேப்பரில் நான் பார்த்த மறியல்களில் எல்லாம் பெண்கள் கையில் காலிக்குடம் இருக்கும். முறைப்படி செய்வோமே என்று பச்சை பிளாஸ்டிக் குடத்தோடு போய் நின்றேன். (படித்தவள் செய்தால் காரணம் இருக்கும் என்று மற்றவர்களும் ஓடிப்போய் எடுத்து வந்தார்கள்.)

வண்டிகள் அலறின. இடுப்பில் மகன் திமிறினான். ஜீப்பில் வந்து இறங்கிய அதிகாரி குடங்களைப் பார்த்தார்.

"எத்தனை நாளா தண்ணி வரல?"

"சார், அது வந்து... பஸ்ஸு..."

"மொதல்ல பஸ்ஸுக்கு வழி விடுங்க. தண்ணிக்கு நான் பொறுப்பு."

நான் விளக்குவதற்குள், வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சுந்தரம் சார் முந்திக்கொண்டார். "ஆமா சார், பழைய குழாய். மாத்திக் குடுங்க." என் பக்கம் நின்றவர்களும் தலையாட்டினார்கள்.

மறுவாரம் பொக்லைன் வந்து தெருவையே தோண்டிப் போட்டது. பஸ் நின்றது, ஆட்டோவும் நின்றது. சுந்தரம் சார் மகளுக்கு வலி எடுத்தபோது ஆட்டோ தெருமுனையைத் தாண்டி வரவில்லை. மகனை அவரிடம் கொடுத்துவிட்டு, அவர் மனைவியும் நானுமாக அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாக மண்மேட்டின் மேல் நடத்திப் போனோம். ஏதாவது ஆகிவிட்டால் எல்லாம் என் குடத்தால்தான். ஒருவழியாக அம்மாவையும் மகளையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன்.

திரும்பி வந்தால், சுந்தரம் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தின் ஓரமாக என் மகனைத் துரத்திக்கொண்டிருந்தார்.

"இவனப் புடிச்சு வைக்க முடியாதும்மா," என்றார் மூச்சு வாங்க.

சாயங்காலம் பேத்தி பிறந்த செய்தி வந்தது. பிறகு தார் போட வந்தவர்களை மறித்து வேகத்தடை கேட்டு வாங்கியவரும் அவரே. கையில் குடம் இல்லாமல்.

இப்போது மகன் பள்ளிக்கூடம் போகிறான். பெற்றோர் கூட்டத்துக்கு நான் செருப்பு மாட்டினால் போதும், அப்பாவும் பிள்ளையும் சேர்ந்தே கேட்பார்கள்:

"குடம் எடுத்துக்கிட்டியா?"