சலீம் நானாவின் இரவல் கார்

எனக்குக் கார் ஓட்டத் தெரியும். இதை என் வீட்டில் யாரும் நம்புவதில்லை என்பது வேறு விஷயம். லைசென்ஸ் இருக்கிறது, அதில் உள்ள படமும் என்னுடையதுதான். ஆனாலும் நான் முற்றத்துக்குள் காரைத் திருப்பினால் பிள்ளைகள் இன்றைக்கும் சைக்கிள்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எல்லாம் வவுனியாவில் ஒரு காலைப்பொழுதில் கண்மூடித் திறப்பதற்குள் நடந்த ஒரு காரியத்தின் விளைவு.

அப்போது எனக்கும் வசந்தாவுக்கும் கலியாணம் பேசி முற்றாகி, நாளும் வைத்தாயிற்று. நான் கிளிநொச்சியில் ஒரு கந்தோரில் கிளாக்கர். அவளுடைய அப்பா, கதிர்காமர் மாமா, உருத்திரபுரத்தில் வயல் செய்பவர். அவரிடம் ஒரு கறுப்பு மொறிஸ் மைனர் கார் இருந்தது. அதை வீட்டுக்கு மூத்த பிள்ளையாகவே வளர்த்துவந்தார். மாப்பிள்ளையும் பொம்பிளையும் அதில்தான் கோயிலால் வீட்டுக்கு வரவேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகவே என்ஜினைத் திருத்தக் கொடுத்தார். கொடுத்த இடம், அந்தக் காரை முதலில் வாங்கிய இடமான, வவுனியாவில் இருந்த சலீம் நானாவின் கார்க்கடை.

ஜப்பான் கார்கள் வந்திறங்கத் தொடங்கியிருந்த காலம் அது. “கலியாண வீட்டுக்காரர் கார் இல்லாம அலையக் கூடாது” என்று நானா, விற்பனைக்கு நின்ற வெள்ளை ஜப்பான் காரையே மாமாவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். (அப்படியும் மனிதர்கள் வியாபாரம் செய்தார்கள்.) கொடுக்கும்போது இன்சூரன்ஸ் கதையையும் ஒளிக்காமல் சொன்னார்.

“இதுக்கு மூன்றாம் ஆள் இன்சூரன்ஸ் மட்டுந்தான் இருக்கு. நீங்க வேற ஆட்கள்ட சாமானில முட்டினா கொம்பனி குடுக்கும். இந்தக் காருக்கு என்ன நடந்தாலும் ஒரு சதம் வராது.”

அன்றிலிருந்து மாமா நிம்மதியாகச் சாப்பிடவில்லை. ஒழுங்கையில் இரண்டு பக்கமும் வேலிக்கு மேலால் நீட்டிக்கொண்டிருந்த கிளைகளையெல்லாம், அயலவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தானே வெட்டினார். தென்னைக்குக் கீழே நிறுத்தக்கூடாது என்று காரை முற்றத்து நடுவில் விட்டு, மாட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்து வளவில் கட்டினார். தர்மபுரத்துக்குக் கலியாணம் சொல்லப் போனபோது நெல் மூட்டை ஏற்றிய சைக்கிள் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. மாமா அதற்குக் கையைக் காட்டி வழியும் விட்டார். இரவல் பொருளை அப்படி மதித்த மனிதரை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

மொறிஸ் தயார் என்று செய்தி வந்த அன்று நானும் கூடப் போனேன். வருங்கால மாமனாருக்கு என் கெட்டித்தனத்தைக் காட்டுவதற்கு அதைவிட நல்ல தருணம் வராது என்று எனக்குள் ஒரு நினைப்பு. (வந்திராவிட்டால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!) வவுனியா வரைக்கும் மாமாவே ஓட்டினார். நானாவின் கேற்றடியில் காரை நிறுத்தி, பெரிய மூச்சொன்று விட்டார். கீறல் ஒன்றும் இல்லை. நான் வாயைத் திறந்தேன்.

“நீங்கள் இறங்குங்கோ மாமா. உள்ளுக்கு நான் விடுறன்.”

அவர் என்னை ஒருதரம் பார்த்தார். “சரி, மெதுவா விடுங்கோ தம்பி” என்று சொல்லி இறங்கினார்.

நான் கார் பழகியது ஒரு கூட்டாளியின் பழைய வான் வண்டியில். அதில் மூன்றாவது மிதிக்குத்தான் பிரேக் பிடிக்கும். ஆகவே நிறுத்த வேண்டுமென்றால் மூன்றுதரம் ஓங்கி மிதிப்பது என் காலுக்குப் பழகிவிட்டது. அன்றும் என் கால் தவறாமல் மூன்றுதரம் மிதித்தது. மிதித்தது அக்சிலேற்றரை.

முற்றத்தில் ஒரேயொரு கார்தான் நின்றது. கழுவித் துடைத்து, வீட்டுக்குப் போக ஆயத்தமாக நின்ற மாமாவின் மொறிஸ் மைனர். அதன் பின்பக்கம் உள்ளே போனது. ஜப்பான் காரின் முன்விளக்கு வெளியே வந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, இனி வசந்தாவை யார் கட்டுவான் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நானாவின் மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் ஓடிவந்து இரண்டு கார்களையும் சுற்றிப் பார்த்தார். அவருக்கு மட்டும் முகமெல்லாம் சந்தோஷம்.

“ஐயா, உங்களுக்கு நட்டமில்லை! இடிச்சது நானான்ரை கார். உங்கடை கார் மூன்றாம் ஆளின்ரை சொத்து. கொம்பனி முழுசாத் தரும். நானாக்குத்தான் ஒண்டும் வராது.”

“அல்ஹம்துலில்லாஹ், ஒங்கட கார் தப்பிட்டு” என்றார் நானா. தன் காரின் விளக்கு காலடியில் நொறுங்கிக் கிடக்க அப்படிச் சொன்னார்.

ஏஜென்ட் பேனாவை எடுத்தார். “ஓட்டின தம்பி உங்களுக்கு என்ன முறை?”

“மகளுக்குப் பேசியிருக்கு.”

“இன்னும் முடிக்கேல்லைத்தானே? அப்ப வெளியாள் எண்டு எழுதுவம். சொந்தம் எண்டால் கொழும்பில ஆயிரம் கேள்வி கேப்பாங்கள்.”

‘ஓம்’ என்று மாமா ஒரு சொல் சொன்னால் போதும், அது பொய்யும் இல்லை. கார் திருந்திவிடும். நானும் சட்டப்படி வெளியாள் ஆகிவிடுவேன், பிறகு பஸ்ஸைப் பிடித்துக் கந்தோருக்குப் போகவேண்டியதுதான். மாமா மொறிஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எழுதாதையுங்கோ” என்றார். “இவர் என்ரை மருமகன். மருமகன் மாமன்ரை காரை இடிச்சதுக்கு ஊரான் ஏன் காசு தரவேணும்?”

அதுவரை நான் அவருக்குத் ‘தம்பி’. ‘மருமகன்’ என்று அவர் சொன்னது அன்றைக்குத்தான், அதுவும் அந்தக் கோலத்தில் நின்ற காருக்குப் பக்கத்தில் வைத்து. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜப்பான் காரின் மற்ற விளக்கைத் துடைப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு மாமாவுக்கும் நானாவுக்கும் சண்டை. விளக்கு தன் பொறுப்பு என்று மாமா. தந்தது நான், அது என் பாடு என்று நானா. கடைசியில் விளக்கை மாமா வாங்கிக் கொடுப்பதென்றும், மொறிஸின் நெளிவைக் கலியாணம் முடிந்தபின் நானா கூலியில்லாமல் எடுத்துத் தருவதென்றும் முடிவானது. எழுத ஒன்றுமில்லாத ஏஜென்ட், இப்படி இருவரைத் தன் தொழிலில் கண்டதில்லை என்று தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

நெளிந்த மொறிஸில்தான் நாங்கள் கோயிலால் வந்தோம். கலியாண அல்பத்தில் அந்தக் காருக்குப் பின்பக்கமே கிடையாது. நான் கொஞ்சம் பெருமை பேசினால் வசந்தா அல்பத்தை எடுத்துவந்து பிள்ளைகள் முன்னால் விரிப்பாள்.

“உங்கடை அம்மப்பா அண்டைக்கு ‘ஓம், வெளியாள்தான்’ எண்டு சொல்லியிருந்தால் காரும் முழுசா வந்திருக்கும், எனக்கும் நல்ல மாப்பிள்ளையா ஒண்டு வந்திருக்கும்.”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மாமா இருந்தவரைக்கும், நான் ஓட்டும் காரில் துணிந்து முன்சீற்றில் ஏறிய ஒரே ஆள் அவர்தான். கதவை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்:

“சரி, மெதுவா விடுங்கோ மருமகன்.”