அப்பா ஜெயித்த அடுப்பு

அப்பா அடுப்பை ஊதினார். அடுப்பு அப்பாவை ஊதியது. அடுப்புதான் நன்றாக ஊதியது.

முற்றம் முழுக்க வெள்ளைப் புகை. கொடியில் காய்ந்த போர்வைகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. அம்மா தையல் மிஷினைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. நடையில் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தாள்.

"என்னங்க, தண்ணி கொதிச்சுதா?"

"கொதிக்கப் போகுது."

"ஒரு மணி நேரமா அதைத்தான் சொல்றீங்க."

"நல்லது நடக்கக் கொஞ்சம் நேரமாகும்டி."

"கல்யாணத்தன்னிக்கும் இதேதான் சொன்னீங்க. இருபது வருஷமாச்சு."

பானைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். குளித்தால் ஜலதோஷம் பிடிக்கும்.

எரிந்தது, அதாவது எரியாதது, அப்பாவின் பெல்லட். விறகுக்குப் பதிலாக எரிக்கிற, விரல் பருமனில் குட்டிக் குட்டிக் குச்சிகள். அப்பா மரப்பட்டறையில் வேலை பார்க்கிறார். அங்கே மரத்தூள் ஓசி. அதோடு பழைய செய்தித்தாள், முட்டை அட்டை, உருளைக்கிழங்குத் தோல், டீத்தூள் சக்கை, மைதாப் பசை எல்லாம் போட்டுப் பிசைவார். பெல்லட் மிஷினில் கொட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் முன்பக்கத் துளைகள் வழியாகப் புழுப் புழுவாக வெளியே வரும். அதை நாலு நாள் வெயிலில் காயவைக்க வேண்டும். அப்பா அரை நாள் வைத்தார். கைப்பிடி சுற்றினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். குச்சி காய்வதை யார் வந்து பார்ப்பார்கள்?

இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்த மிஷின் பின்னறையில் இருந்தது. அதுதான் பிரச்சினை.

நான் பத்தாவதில் பாதியில் படிப்பை நிறுத்தியவள். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அம்மாவுக்கு இருநூறு சீருடை தைக்கும் வேலை வந்தது. நானும் கூட உட்கார்ந்து தைத்தால்தான் முடியும். அதற்கு இரண்டு தையல் மிஷின் போட இடம் வேண்டும். நடையில் ஒரு மிஷின் போட்டதற்கே, கழிப்பறைக்குப் போகிறவர்கள் துணியைத் தாண்டிக் குதிக்க வேண்டியிருந்தது. பின்னறை கிடைக்காவிட்டால் வேலை வேறு யாருக்காவது போய்விடும். அம்மா என்னை மறுபடியும் பத்தாவது வகுப்பு பெஞ்சுக்கே அனுப்பிவிடுவாள். ஆக, அந்த அறை எனக்கு உயிர்ப் பிரச்சினை.

புகை அடங்கியதும் அம்மா பந்தயம் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வர்றாரு. அவர் முன்னாடி, ஒரு டின் பெல்லட்டுல ஒரு பானைத் தண்ணி கொதிக்கணும். கொதிச்சா ரூம் உங்களுக்கு. இல்லேன்னா எங்களுக்கு."

"சரி."

"இந்தத் தடவை ஒழுங்கா காயவைங்க."

"எனக்குத் தெரியும்!"

மாமாவுக்கு ஒரு சலவை ஆலையில் வேலை. பாய்லருக்குத் தீனி போடுகிறவர். அவர் நாள் முழுக்கப் போடுவதே பெல்லட்தான். அவரை ஏமாற்ற முடியாது என்று நான் நம்பினேன்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா காலிப் பையோடு சைக்கிளில் போனார். முட்டமுட்ட நிறைந்த பையோடு வந்தார். நேராகப் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது என்பது அவருக்கு மறந்துவிட்டது. நான் உள்ளே போனேன். டின்னில் பளபளவென்று பெல்லட் கொட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே அளவு. நிச்சயமாக அப்பா செய்ததில்லை.

"கடையில வாங்கினதாப்பா?"

"சும்மா, மாதிரிக்கு."

"டின் நிறையவா மாதிரி?"

"பெரிய மாதிரி. அம்மாகிட்ட சொல்லாதே."

"நானாப் போய்ச் சொல்ல மாட்டேன். கேட்டா சொல்லிடுவேன்."

"அவ எதுக்குக் கேக்கப் போறா?"

அம்மா இரண்டு நிமிஷத்தில் கேட்டாள். நான் சொல்லிவிட்டேன்.

அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"வாம்மா, போய்க் கையும் களவுமாப் பிடிக்கலாம்!" என்றேன்.

"பிடிச்சா? 'காயவைக்க நாள் பத்தலை, இன்னும் ஒரு மாசம் குடு'ன்னு கெஞ்சுவாரு. ஜெயிக்கட்டும்டி. போனை எடு."

மாமாவிடம் ஏதோ பேசினாள். நடுவில் சிரிப்பு வேறு. எதிர்காலம் என்னுடையது, சிரிப்பு இவர்களுடையதா?

ஞாயிற்றுக்கிழமை மாமா சலவை ஆலை வேனிலேயே வந்து இறங்கினார். அப்பா புதுச் சட்டையில் அடுப்பைப் பற்றவைத்தார். புகையே இல்லை. பன்னிரண்டே நிமிஷத்தில் பானை மூடி தாளம் போட்டது. நெருப்பையே தான்தான் கண்டுபிடித்ததுபோல அப்பா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"பாத்தியாடி! எல்லாம் குப்பை! நம்ம வீட்டுக் குப்பை!"

மாமா டின்னிலிருந்து ஒரு குச்சியை எடுத்து ஒடித்தார். படக்கென்று ஒடிந்தது.

"அடடா, மாப்பிள்ளை! எங்களுக்குச் சரக்கு போடுறவன்கூட இப்படித் தர்றதில்லை. நீங்களே செஞ்சதா?"

"இந்த ரெண்டு கையால!"

"அவர் கைராசி அண்ணா" என்றாள் அம்மா.

"அப்புறமென்ன? வாரம் நூறு கிலோ எங்களுக்குப் போட்டுடுங்க. முதலாளிகிட்டப் பேசிட்டேன். அப்பவே சரின்னுட்டாரு."

அப்பா இருமினார். புகையே இல்லாமல் இருமினார்.

"நூறு கிலோவா? மச்சான், அது வந்து... இந்த ரூம் ரொம்பச் சின்னது."

அம்மா இதற்காகவே காத்திருந்தவள்போலத் தாவிப் பிடித்தாள்.

"அதேதாங்க நானும் நினைச்சேன்! இதுல நூறு கிலோ எப்படிச் செய்வீங்க? தினமும் தூளைச் சுமந்துட்டு வேற வரணும். உங்க பட்டறைக்காரர்கிட்டக் கேட்டேன். பின்னாடி கொட்டகை காலியாத்தான் கிடக்காம். மிஷினை அங்கயே போட்டுக்கச் சொன்னாரு."

"ஏய், ரூம் எனக்குன்னுதானே பேச்சு?"

"உங்களுக்குத்தான். யாரு இல்லேன்னா? உங்க ரூம்லதான் நாங்க தைக்கப் போறோம்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் பானையைப் பார்த்தேன். கடையில் வாங்கியது என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் நூறு கிலோவிலிருந்து தப்பித்துவிடலாம். ஆனால் பந்தயத்தில் தோற்றுப்போவார், அறையும் போய்விடும். சொல்லாவிட்டாலும் அறை போய்விடும். அப்பா குனிந்து, கொதிக்கிற பானையின் மூடியைச் சரிசெய்தார்.

கால் மணி நேரத்தில் பெல்லட் மிஷின் வேனுக்குள் ஏறிவிட்டது. நானும் அம்மாவும் தையல் மிஷினைத் தூக்கிப் பின்னறை ஜன்னலோரம் வைத்தோம். என்னுடைய மிஷினுக்கு எதிர்ச் சுவர். அங்கே வெளிச்சம் கொஞ்சம் கம்மி. பரவாயில்லை, பத்தாவது பெஞ்சைவிட ஜாஸ்தி.

கிளம்பும்போது மாமா ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். முகத்தில் சிரிப்பு துளியும் இல்லை.

"ஒரே ஒரு வேலை பாக்கி, மாப்பிள்ளை. பாய்லருக்குள்ள என்ன போகுதுன்னு எங்க மேனேஜருக்கு எழுதித் தரணும். மரத்தூள் எவ்வளவு, தாள் எவ்வளவு, தோல் எவ்வளவு, எத்தனை நாள் காயவெச்சீங்க. எழுதிக் கீழே ஒரு கையெழுத்து."

"இப்பவேவா?"

"ரெண்டு நிமிஷ வேலைதானே. நீங்க செஞ்சதுதானே."

அப்பா முற்றத்துப் படியில் உட்கார்ந்தார். மாமா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் உள்ளே போய் இரண்டு சட்டைக்குக் காலர் வைத்து முடித்துவிட்டு எட்டிப் பார்த்தேன்.

தாளில் 'மரத்தூள்' என்று ஒரு வார்த்தை இருந்தது. அதையும் மாமாதான் எழுதியிருந்தார்.