ஜப்பான் பாயில் என் காலடி

பாதி மலை இறங்கியபோது மழை விட்டது. கீழே புசல்லாவை ரோட்டில் பஸ்கள் ஹோர்ன் அடிப்பது கேட்டது. நான் அக்கா வீட்டை விட்டு நடந்துகொண்டிருந்தேன். ஓர் இடத்தை விட்டுக் கிளம்புவதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு. எட்டாம் வகுப்பை விட்டுக் கிளம்பினேன். கலகெதரயில் ஒரு பேக்கரியை விட்டு, மீன் லொறியை விட்டு, கட்டட வேலையில் மேசன் பாஸ் ஒருவரை விட்டு (அவர்தான் என்னை விட்டார் என்பார்கள்) கிளம்பினேன். போய்ச் சேர்வதில்தான் எப்போதும் சிக்கல்.

அன்று போய்ச் சேர வேண்டிய இடம் கண்டி. ஜப்பானில் பனிச்சறுக்கு விடுதிகளுக்கு ஆள் அனுப்பும் நிலையம் ஒன்று அங்கே ஒரு மாடியில் இருந்தது. விடுதி வாசலில் நின்று, தங்க வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு அன்றாட விஷயங்களைச் சொல்லிக் கொடுக்கும் வேலை. பயிற்சி முடிந்து, மிச்சமிருந்த ஒரே இடத்துக்கு நானும் கூடப் படித்த அலவத்துகொட ஊர் நஸீரும் நின்றோம். கிடைத்தால் அந்தக் குளிர்காலமே ஜப்பான். கிடைக்காவிட்டால் மறுபடி அக்கா வீட்டு அடுப்படி ஓரம். அங்கேயும் அக்கா பிள்ளைகள் வளர்ந்து கால் நீட்டத் தொடங்கியிருந்தார்கள்.

நான் பனியைப் பார்த்ததில்லை. என் கை பட்டதெல்லாம் மீன் லொறி ஐஸ்தான். அதில் சறுக்கி விளையாட யாருக்கும் மனம் வராது. ஆனாலும் பாடம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். சப்பாத்தை வாசலில் கழற்றி, நுனி வெளியே பார்க்க வைக்க வேண்டும். பொதுக் குளியல் தொட்டியில் இறங்குமுன் உடம்பைக் கழுவ வேண்டும். ஈரக் கையுறையை ஹீட்டர் மேல் போடக் கூடாது, உலர்த்தும் அறையில் மாட்ட வேண்டும். சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் கார்ட் செல்லாது, கையில் காசு வேண்டும். கயிறு கட்டிய இடத்தைத் தாண்டிச் சறுக்கக் கூடாது. குப்பையை எரிவது, எரியாதது, போத்தல் என்று பிரிக்க வேண்டும். (அக்கா வீட்டிலும் பிரித்தேன். அக்கா மூன்றையும் ஒன்றாக அள்ளித் தேயிலைக்குள் கொட்டினாள்.)

கிளம்பும்போது அத்தான் சொல்லித்தான் அனுப்பினார்.

"மாப்ள, மழ பேஞ்சிருக்கு. குறுக்கால போகாத, அட்ட ஏறும். ரோட்டு வழியா போ."

"பொறந்ததுலேருந்து இந்த மலதான் அத்தான். எனக்கு அட்டயப் பத்தி சொல்றீங்களா?"

"அப்ப காலுக்கு சவுக்காரமாவது தேச்சிக்கிட்டுப் போ."

சோப்பு தேய்த்த காலில் அட்டை ஏறாதுதான். ஆனாலும் தேய்க்காமல் குறுக்கு வழியிலேயே இறங்கினேன். போட்டிருந்தது அத்தானின் கல்யாணக் காற்சட்டை; சவுக்காரம் பட்டால் கறை விழும். காலுறை வேறு புத்தம் புது வெள்ளை. ஜப்பான் பாயில் வெள்ளைக் காலுறையோடுதான் நடக்க வேண்டும் என்பது நிலையத்தின் சட்டம். இவ்வளவு சுத்தமான காலில் எந்த அட்டை ஏறப்போகிறது என்று நினைத்தேன்.

அட்டை கடிப்பது வலிக்காது. அதுதான் அதன் நல்ல குணம். சப்பாத்துக்குள் மழைத் தண்ணீர் ஏற்கெனவே சளசளத்ததால், பஸ் கம்பளை தாண்டிய பிறகு ஈரம் கொஞ்சம் கூடியதை நான் கணக்கில் எடுக்கவில்லை. பஸ்ஸில் நின்றபடியே பாடத்தை முணுமுணுத்தேன். பக்கத்து சீட்டில் இருந்த ஓர் அம்மா நான் செபம் சொல்வதாக நினைத்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

நிலையத்துப் படிக்கட்டில் நஸீர் உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், மொகம் ஏன்டா வெளுத்துக் கிடக்கு? பயமா?"

"பயமா? எனக்கா?"

"பயமில்லாட்டி காலச் சாப்பாட்ட தின்னுட்டு வந்திருக்கணும்டா. ரத்தமே இல்லாத ஆள் மாதிரி ஈக்கிற."

அந்த நேரத்தில் அது கிட்டத்தட்ட உண்மை.

உள்ளே அறை முழுக்க மஞ்சள் நிறத்தில் ஜப்பான் பாய் விரித்திருந்தது. கப்பலில் வந்த பாய். வாசனை இன்னும் போகவில்லை. அதில் விடுதியிலிருந்து வந்திருந்த ஹயாஷி என்ற பெரியவர் முழங்காலை மடித்து உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் எங்களுக்குப் பாடம் சொன்ன ஸ்டெல்லா டீச்சர். தேர்வு நடக்கும்போது டீச்சர் வாய் திறக்கக் கூடாது. ஹயாஷி விருந்தினராக நடித்துக் கேள்வி கேட்பார். அவருக்குத் தெரிந்தது ஜப்பான் மொழி மட்டும் என்பதால் நான் அதிலேயே பதில் சொல்ல வேண்டும்.

சப்பாத்தைக் கழற்றி, நுனியை வெளியே திருப்பி வைத்தேன். தரையைப் பார்க்காதே, விருந்தினரின் முகத்தைப் பார் என்பது டீச்சரின் பாடம். முகத்தையே பார்த்தபடி நடந்துபோய், குனிந்து வணங்கி, முழங்காலை மடித்து உட்கார்ந்தேன். ஹயாஷி என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் நடந்து வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் நடையைக் கவனிக்கிறார் என்று பெருமையாக இருந்தது.

கடைசி பஸ் எப்போது என்று கேட்டார். சொன்னேன். குளியல் தொட்டிக்கு நீச்சல் உடை வேண்டுமா என்றார். வேண்டாம், வெட்கமும் வேண்டாம் என்றேன். டீச்சர் கண்ணை உருட்டினார். இன்னும் குனிந்து வணங்கச் சொல்கிறார் போல என்று நெற்றி பாயில் படக் குனிந்தேன். டீச்சர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போது ஹயாஷி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மன்னிக்கவும். கால். இரத்தம்."

எனக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. விபத்துப் பாடம்! அதில் நான்தான் வகுப்பிலேயே முதல்.

"கவலை வேண்டாம், விருந்தினரே" என்றேன். "அசையாதீர்கள். மீட்பு ஆட்கள் வந்து வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள். கிளினிக் சறுக்குப் பாதையின் அடியில் இருக்கிறது. கடவுச்சீட்டும் காப்புறுதிப் பத்திரமும் கையில் இருக்கட்டும்."

அவர் தலையை ஆட்டினார். "எனக்கு இல்லை. உங்களுக்கு."

இதற்கும் பாடம் உண்டு. அடிபட்ட விருந்தினர் சிலர் வெட்கத்தில் ஒன்றுமில்லை என்று எழுந்து நடக்கப் பார்ப்பார்கள்; அன்பாகத் தடுத்துப் படுக்க வைக்க வேண்டும். அன்பாகத் தடுத்தேன். தோளைப் பிடித்துப் பாயில் சாய்த்தேன். அவர் ஏதோ வேகமாகச் சொன்னார்; வலியில் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவருடைய வலது காலைத் தூக்கி, அவர் உட்கார்ந்திருந்த சின்ன மெத்தையின் மேல் வைக்கும்போதுதான் டீச்சருக்குப் பொறுமை போனது.

"அடேய் செல்வராஜ்! அவர விடுடா! ரத்தம் ஒன்னோட காலுலடா!"

குனிந்து பார்த்தேன். என் வலது காலுறை வெள்ளை இல்லை. வாசலிலிருந்து நான் இருக்கும் இடம் வரை சிவப்பாகக் காலடிகள், ஒவ்வொன்றும் அச்சுக் குத்தியது போல. எழுந்தேன். அத்தானின் கல்யாணக் காற்சட்டையிலிருந்து, நாவற்பழம் கணக்காகக் கொழுத்த அட்டை ஒன்று பாயில் விழுந்து உருண்டது. ஹயாஷி படுத்திருந்தவர் படுத்தபடியே சுவர் வரை போய்விட்டார்.

"அட்டதான் டீச்சர். ஒன்னும் செய்யாது" என்று அதைக் கையில் எடுத்தேன். அதுவரை சரி. மூலையில் பயிற்சிக்காக மூன்று கூடைகள் வைத்திருந்தார்கள். எரியும் குப்பை, எரியாத குப்பை, போத்தல். பாடத்தில் அட்டை வரவில்லை. கூடைகளின் முன் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, ஹயாஷியிடம் முறையாகக் கேட்டேன்: "மன்னிக்கவும், இது எந்தக் கூடை?"

அவர் உண்மையாகவே யோசித்தார். பிறகு மெல்லிய குரலில், "எரிவது" என்றார்.

இடம் நஸீருக்குக் கிடைத்தது. எனக்குப் பிறகு உள்ளே போனவன் நடுங்காமல் பதில் சொல்லியிருக்கிறான். அந்த அறையில் அதற்கு மேல் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. "மச்சான், போறதுக்கு முந்தியே அடிபட்டுத் திரும்பின மொத ஆள் நீதான்டா" என்று என்னைக் கட்டிப்பிடித்தான். நான் படிக்கட்டில் காலுக்குத் துணி கட்டிக்கொண்டு, இனி எந்தப் பக்கம் நடப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கமும் தோன்றவில்லை. அது எனக்குப் புதிது.

டீச்சர் கீழே இறங்கி வந்தார்.

"நாளைக்குக் காலையில வா."

"பாய் கழுவவா டீச்சர்?"

"பாய் முடிஞ்சிது, அது இனிப் பாயில்ல. விருந்தாளியா நடிக்கிற வேலைக்கு வா. இங்க புள்ளைங்க ஒன்னுக்கொன்னு விருந்தாளியா நடிக்குதுங்க, எல்லாம் சொன்னதக் கேக்குற விருந்தாளி. நெசமா வர்றவங்க ஒன்ன மாதிரித்தான் இருப்பாங்கன்னு ஹயாஷி சார் சொல்றாரு. ஒன்னும் வெளங்காம, சொன்னாக் கேக்காம, காலுல ரத்தத்தோட."

இன்றும் நான் வீட்டுக்குள் நுழைந்தால், அக்கா மகள் முதலில் கேட்பது, "மாமா, இன்னைக்கு எந்தக் காலு?" என்றுதான். கல்யாண வீட்டில் யாராவது என்னைப் புதியவருக்கு அறிமுகப்படுத்தினால், "இவரு ஜப்பானுக்குப் போகாமலே அங்க ரொம்ப அடிபட்டவரு" என்கிறார்கள். மறுப்பதில்லை.

தேர்வுக்கு மறுநாள் காலை ரோட்டு வழியாகவே நடந்து, நேரத்துக்கு வேலையில் சேர்ந்தேன். புது வகுப்பின் முன்னால் டீச்சர் என்னை விபத்துப் பாடத்துக்காக விரிப்பில் படுக்கச் சொன்னார். படுத்தேன். பதினைந்து நிமிடத்தில் என் இடது கால் முறிந்தது.