ரிப்பன் வெட்டிய காட்டெருமையும் பலாப்பழ வேஷக்காரியும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் இந்தக் கதை நடந்தபோது சிங்கம் ஊரில் இல்லை. காட்டில் பாதியைக் குதூகல வனம் என்ற கேளிக்கைப் பூங்காவுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மலைமேல் குளிர்ச்சியான இடமாகப் பார்த்துப் போய்விட்டது. பூங்காக்காரர்கள் சுற்றிலும் மதில் எழுப்பி, மதில் நெடுகச் சிரிக்கிற மிருகங்களை வரைந்து வைத்தார்கள். வரையப்பட்ட மிருகங்களைத் தவிர வேறு எந்த மிருகமும் அந்த மதிலைப் பார்த்துச் சிரித்ததாகத் தெரியவில்லை.

அஞ்சலை என்ற எறும்புத்தின்னிக்கு அந்த மதிலால் வந்த கஷ்டம் கொஞ்சநஞ்சமில்லை. அவளுடைய வளை மதிலுக்கு இந்தப் பக்கம். அவள் சாப்பிடுகிற கரையான் புற்று அந்தப் பக்கம். எறும்புத்தின்னிக்குப் பல் கிடையாது. கரையானையும் எறும்பையும் விட்டால் வேறெதுவும் தொண்டையில் இறங்காது. மதிலுக்கு அடியில் தோண்டிப் பார்த்தாள். காங்கிரீட்டில் நகம் ஒடிந்ததுதான் மிச்சம். எட்டு நாளாக வழியில் அகப்பட்ட எறும்புகளை நக்கி உயிரைப் பிடித்து வைத்திருந்தாள்.

கடைசியில் பூங்கா அலுவலகத்துக்கே போனாள். மேனேஜர் தணிகாசலம் ஒரு கீரி. கழுத்தில் அடையாள அட்டை, காதில் பேனா.

"எம் புத்து உள்ள மாட்டிக்கிச்சுங்க. தெனம் ஒரு தடவ வந்து சாப்டுட்டுப் போயிடறேன்" என்றாள் அஞ்சலை.

"தாராளமா வாங்கம்மா. கரையான்கிட்டேருந்து ஒரு தடையில்லாச் சான்று மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க."

"கரையான்கிட்டயா?"

"ஆமா. உங்களால சாப்பிடப்படறதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு அவங்க கையெழுத்துப் போடணும்."

"அதுக்கு நான் உள்ள போவணுமே."

"உள்ள போகத்தான்மா சான்று கேக்கறோம்."

அஞ்சலைக்கு அழுகை வந்துவிட்டது. தணிகாசலம் மோசமான கீரி இல்லை. விதிமுறையைத் தாண்டாத இரக்கம் அவரிடம் நிறைய இருந்தது. மேஜையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து, அவளுக்குக் கண் மட்டு என்பதால் தானே படித்துக் காட்டினார். வரும் ஞாயிறு காலை சரியாக ஒன்பது மணிக்கு மாபெரும் மாறுவேட ஓட்டம். வழியெல்லாம் தடைகள், புதிர்கள். அன்று மட்டும் ஓடுகிறவர்களுக்கு அனுமதி இலவசம். முதல் பரிசு, வாழ்நாள் நுழைவு அட்டை.

"ஜெயிச்சிட்டா சான்று எதுவும் வேணாமா?"

"அட்டை இருந்தா யாரும்மா கேள்வி கேக்கப் போறாங்க?"

அஞ்சலை நேரே பக்கத்து வளைக்குப் போனாள். அங்கே கொளஞ்சி என்ற முயல் இருந்தான். அவன் மேய்கிற அருகம்புல்லும் மதிலுக்குள்தான் சிக்கியிருந்தது. அவனும் பேர் கொடுத்திருந்தான். சிறுத்தை வேஷம் என்று முடிவு செய்து, உடம்பெல்லாம் கரிப்பொட்டு வைத்துக்கொண்டிருந்தான்.

"நீ என்ன வேஷம்க்கா?"

"எனக்கு என்னாடா தெரியும்? வேஷம் கட்டத் துணி ஏது?" என்று சொல்லி, கவலை வந்தால் செய்வதுபோல, முதுகுச் செதில் மட்டும் வெளியே தெரியச் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

கொளஞ்சி அவளைச் சுற்றி வந்து பார்த்தான். "அப்படியே இரு. அசையாத. நீ பலாப்பழம்." ஓடிப்போய் ஒரு காம்பும் இரண்டு இலையும் கொண்டுவந்து அவள் தலையில் கட்டினான். தன் வேஷத்தை விட்டுவிட்டு அவள் வேஷத்துக்கு அரை நாள் மெனக்கெட்டான். தனக்குப் போட்டியாக ஓடப்போகிறவளுக்கு இப்படிச் செய்கிறவனைப் பைத்தியக்காரன் என்றுதான் சொல்ல வேண்டும். அஞ்சலைக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. "நான் ஜெயிச்சா உன்னையும் உள்ள கூட்டிட்டுப் போறேன்டா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கெல்லாம் எல்லோரும் தொடக்கக் கோட்டருகே வந்து நின்றுவிட்டார்கள். மான் யானை வேஷத்தில், குரங்கு மயில் வேஷத்தில், காட்டுப்பூனை போலீஸ் வேஷத்தில். நடுவரான கொக்கு வேஷங்களைச் சரிபார்த்து, அஞ்சலையை முகர்ந்து, "பழுக்க இன்னும் ரெண்டு நாள் ஆகும்" என்று குறித்துக்கொண்டது.

ஒன்பது மணிக்கு ஓட்டம் தொடங்கவில்லை. சிறப்பு விருந்தினர் வரவில்லை என்றார்கள். சிறப்பு விருந்தினர், வனச்செம்மல் மாசிலாமணி என்கிற காட்டெருமை. அவர் முதுகில் எப்போதும் ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்திருக்கும். அதுதான் உதவியாளர். அதன் அலகில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல் இருக்கும். காட்டில் கிணறு, கடை, கழிப்பிடம் எது திறந்தாலும் ரிப்பன் வெட்டுவது மாசிலாமணிதான். ஒருமுறை பிரசவத்துக்குப் போன வீட்டில்கூடத் தொப்புள்கொடியைக் கேட்டார் என்று பேச்சு.

பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. யானை வேஷத்துக்குள் மான் மயங்கி விழுந்தது. வரவேற்புரை வாசிக்க வந்த மரங்கொத்தி, பொழுது போகாமல் நன்றியுரையையும் வாசித்து முடித்துவிட்டது. பன்னிரண்டுக்கு, இனிமேல் நிறுத்தி வைத்தால் வேஷத்துக்குள் ஆள் மிஞ்சாது என்று தணிகாசலத்துக்குப் பயம் வந்துவிட்டது. விசிலை ஊதிவிட்டார்.

முதல் தடை சேற்றுக்குளம், அடுத்தது கயிற்று வலை. சேற்றில் மயிலின் தோகை போயிற்று, வலையில் மற்றவர்களின் வால் மாட்டிக்கொண்டது. அஞ்சலை சுருண்டு ஒரே உருளாக உருண்டு வலைக்கு அடியில் வெளியே வந்தாள். அதைத் தாண்டினால் புதிர். ஒரு பலகையில், 'வனச்செம்மலிடம் மிகச் சிறந்த குணம் எது? வீரம், ஈகை, எளிமை, இவை அனைத்தும்' என்று எழுதி, நான்கு பொத்தான்கள் வைத்திருந்தார்கள். போலீஸ் வேஷக்காரன் வீரம் என்று அழுத்தி, ஆரம்பத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டான். அஞ்சலைக்குப் பலகையே சரியாகத் தெரியவில்லை. எட்டிய பொத்தானை அழுத்தினாள். அது கடைசிப் பொத்தானாக இருந்ததால் கதவு திறந்தது.

கொளஞ்சி அதற்குள் வெகுதூரம் முன்னால் போயிருந்தான். முயலாயிற்றே. ஆனால் மூன்றாவது தடையில் அவன் நின்றுவிட்டான்.

மூன்றாவது தடை ஒரு கவுண்டர். திறந்த மைதானத்தின் நடுவில் ஒரு ஜன்னல், அதன்மேல் 'உணவு இடைவேளை' என்று ஒரு பலகை, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் சுவர் கிடையாது, உள்ளே ஆள் கிடையாது. சுற்றிக்கொண்டு போவதுதான் புதிருக்கு விடை. ஆனால் அந்தக் காட்டு மிருகங்கள் கவுண்டரைக் கண்டால் வரிசையில் நின்று பழகியவை. முதலில் வந்த கொளஞ்சி ஜன்னலுக்கு முன்னால் மரியாதையாக நின்றான். குரங்கு அவன் பின்னால் நின்றது. அதற்குப் பின்னால் வந்தவர்கள், இடம் பிடிக்க ஒரு கல்லைப் போட்டுவிட்டு நிழலுக்குப் போனார்கள்.

அஞ்சலைக்குக் கவுண்டரும் தெரியவில்லை, பலகையும் தெரியவில்லை. அவள் மூக்குக்கு வேறொன்று தெரிந்தது. கரையான் வாசம். ஈரமண்ணும் மரத்தூளும் கலந்த அவளுடைய புற்றின் வாசம். இத்தனை நாள் பசி அவளை இழுத்துக்கொண்டு போனது.

"அக்கா, வரிசை! இதோ தெறந்துடுவாங்க, வந்து நில்லு!" என்று கொளஞ்சி கத்தினான்.

அவள் காதில் விழுந்தது. ஆனால் கால் நிற்கவில்லை.

முடிவுக் கோடு மேடைக்கு முன்னால் இருந்தது. மேடைக்குப் பின்னால், முக்கியஸ்தர்கள் மட்டும் போகிற பக்கத்தில், புற்று. இரண்டு கம்பங்களுக்கு நடுவே அஞ்சலை பாய்ந்து விழுந்தாள். மூச்சு வாங்க நிமிர்ந்து, கண்ணை இடுக்கிப் பார்த்தாள். கம்பங்கள் இருந்தன. நடுவில் ரிப்பன் இல்லை.

நடந்தது இதுதான். முக்கியஸ்தர்களுக்கான பின்வாசல் வழியாகக் கொஞ்ச நேரம் முன்புதான் மாசிலாமணி வந்து இறங்கியிருந்தார். மேடைக்குப் போகும் வழியில் ரிப்பன் கட்டியிருந்தது. ரிப்பனைக் கண்டுவிட்டு வெட்டாமல் போக அவருக்கு மனசு வராது. கரிச்சான் கத்தரிக்கோலை நீட்டியது, அவர் வெட்டினார், எல்லோரும் கைதட்டினார்கள். அது ஓட்டத்தின் முடிவு ரிப்பன் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. தணிகாசலமும் சேர்ந்து கைதட்டினார்.

"நான்தாங்க மொதல்ல வந்தேன்" என்றாள் அஞ்சலை.

கொக்கு விதிப்புத்தகத்தைப் புரட்டியது. "விதி ஏழு. முடிவு ரிப்பனை அறுப்பவரே வெற்றியாளர். அறுத்தது ஐயா."

"ஐயா ஓடவே இல்லையே?"

"ஓடணும்னு விதியில இல்லையே."

"தடையெல்லாம் தாண்டணுமே?"

"வர்ற வழியில ஐயாவுக்கு மூணு எடத்துல வரவேற்பு. அதையெல்லாம் தாண்டித்தான் வந்திருக்கார்" என்றார் தணிகாசலம்.

"புதிரு?"

"என்ன விழான்னே தெரியாமக் கிளம்பினவரு. மேடையைப் பார்த்ததும் கண்டுபிடிச்சிட்டார்."

அஞ்சலை விடவில்லை. "வேஷம்? வேஷம் போடாதவங்க ஓடக் கூடாதுன்னீங்களே!"

இந்தக் கேள்விக்குக் கொக்கு கொஞ்சம் தடுமாறியது. மாசிலாமணியை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு அடங்கிய குரலில் சொன்னது: "பெரிய மனுஷன் வேஷம். இருபது வருஷமாக் கலைக்காமப் போட்டிருக்கார். இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கல."

வாழ்நாள் நுழைவு அட்டை மாசிலாமணிக்கு வழங்கப்பட்டது. எந்த வாசலிலும் யாரும் அவரை நிறுத்தியதே இல்லை என்பதால், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்கே புரியவில்லை. கரிச்சான் அதை வாங்கி அவர் கொம்பில் மாட்டியது. அஞ்சலைக்குப் பங்கேற்புச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை நக்கிப் பார்த்தாள். காகிதம்தான்.

பிறகு பொன்னாடைகள். மேனேஜர் ஒன்று, மரங்கொத்திகள் சங்கம் ஒன்று, பெயர் தெரியாத அமைப்புகள் சார்பில் பதினேழு. போர்த்தப் போர்த்த மாசிலாமணி உதறிவிட்டுக்கொண்டே இருந்தார். மேடைக்குக் கீழே ஒடிந்த காம்போடு அஞ்சலை அழுதுகொண்டிருந்தாள். அநியாயத்துக்கு அழுதாளா, பசிக்கு அழுதாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் ஒரு பொன்னாடை வந்து அவள்மேல் விழுந்தது.

ஓடியவர்களை வெளியே விரட்டிக்கொண்டு வந்த காவல்காரக் காட்டுப்பன்றி, "ஏய், கெளம்பு கெளம்பு" என்று கத்திக்கொண்டே அவளருகே வந்தது. ஜரிகையைப் பார்த்ததும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தது.

"மன்னிச்சுக்குங்க, கவனிக்கல. எந்தப் பக்கம் போகணும்ங்க?"

அஞ்சலை மூக்கால் திசையைக் காட்டினாள். காட்டுப்பன்றி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளைப் புற்றுவரைக்கும் அழைத்துப் போய்விட்டது. அவள் புற்றைக் கிழித்து நாக்கை நீட்டினாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தணிகாசலம் மைக்கோடு ஓடி வந்தார். அன்று அலுவலகத்தில் அழுதவளும் சற்றுமுன் வழக்காடியவளும் இவள்தான் என்று அவருக்குத் தெரியவே தெரியாது; அவர் பொன்னாடைக்குமேல் பார்க்கிற வழக்கம் இல்லாதவர். "அம்மா ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார். அஞ்சலையின் வாய் நிறையக் கரையான். ஒரு கையை மட்டும் தூக்கினாள். சுருக்கமான, ஆழமான உரை என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு தினமும் பொன்னாடையோடு வந்தாள். மெதுவாக நடந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பத்தாம் நாள் அவளுக்கென்று ஒரு நாற்காலியே போட்டுவிட்டார்கள்.

பதினோராம் நாள் வாசலில் கொளஞ்சி நின்றிருந்தான். விலா எலும்பு தெரிந்தது. கரிப்பொட்டு இன்னும் முழுதாக அழியவில்லை.

"அக்கா, அந்தத் துணிக்குள்ள ஒரு ஓரமா என்னையும் ஒளிச்சுக் கூட்டிட்டுப் போயேன். நாலு வாய் புல்லு தின்னுட்டு வந்துடறேன்."

அஞ்சலைக்குப் பாவமாகத்தான் இருந்தது. காட்டுப்பன்றி பார்த்துக்கொண்டிருந்தது. பொன்னாடை ஒருவர் அளவுக்குத்தான் இருந்தது. கொஞ்சம் விலக்கினாலும் உள்ளே இருப்பது எறும்புத்தின்னி என்று தெரிந்துவிடும்.

"மனு எழுதிக் குடுப்பா, பார்க்கலாம்" என்றாள். இரண்டடி போய்த் திரும்பி, "அடுத்த வருஷமும் ஓட்டம் வைக்கிறாங்களாம். நல்லா ஓடிப் பழகு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நீதி: ஓடி வருகிறவரிடம்தான் எல்லோரும் சான்று கேட்பார்கள். ஆகவே பசி எடுத்தால் ஒரு பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு மெதுவாக நடக்கவும். பின்னால் யாராவது பசியோடு வந்தால் ஓடச் சொல்லவும்.