ஐம்பதைத் தொட்டால் ஆடும் டெம்போ

தாராவியில் ஒரு வண்டி கெட்டுப்போய் நின்றால் அதன் சொந்தக்காரர் தனியாகக் கவலைப்பட வேண்டியதில்லை. போனட்டைத் திறப்பதற்குள் ஐந்தாறு தலைகள் உள்ளே எட்டிப் பார்க்கும். தையல்காரர், எண்ணெய்க் கடைக்காரர், தண்ணீர் பிடிக்க வந்த அக்கா என்று எல்லோருக்கும் அந்த வண்டியின் வியாதி என்னவென்று தெரியும். சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அதனால் யாருக்கும் சேதமில்லை. சொன்னதோடு நிற்காமல் ஸ்பானரையும் கையில் எடுக்கிற ஒரு வகை உண்டு. அதுதான் ஆபத்தான வகை. நான் அந்த வகை.

எட்டாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இருந்த உறவு முடிந்தது. பிறகு சூரத்தில் தறி, உல்லாஸ்நகரில் ஜீன்ஸுக்குச் சாயம் போடும் பட்டறை, நாக்பூர் சாலையில் ஒரு தாபா என்று கால் போன பக்கமெல்லாம் போனேன். சாயப் பட்டறையில் முழங்கை வரை நீலமாக இருக்கும். சோற்றைப் பிசைந்தால் சோறும் நீலமாகும். சாப்பிட்டுவிடுவோம். (வயிற்றுக்கு நிறம் தெரியாது.) கடைசியாக ஒரு லாரியில் கிளீனர். சக்கரத்துக்குக் கட்டை வைப்பதும், கண்ணாடி துடைப்பதும், ஓட்டுநர் தூங்கிவிடாமல் அவரிடம் பேசிக்கொண்டே வருவதும் என் வேலை. இந்தத் தகுதிகளோடு தாராவிக்கு வந்து, இட்லி மாவு வியாபாரி சுடலைமுத்து அண்ணாச்சியிடம் வேலை கேட்டபோது, "வண்டி விஷயம் எனக்கு அத்துப்படி அண்ணாச்சி" என்றேன். அவரும் நம்பினார்.

அண்ணாச்சியிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது. நாங்கள் டெம்போ என்போம். தாராவியில் அரைத்த மாவை டிரம்களில் ஏற்றி மாட்டுங்கா, செம்பூர், மான்குர்த் என்று கொண்டுபோய்ப் போட வேண்டும். டிரம்மின் ஒரு காதை நான் பிடித்தால் இன்னொரு காதை அண்ணாச்சியின் மகள் முத்துச்செல்வி பிடிப்பாள். மாவின் பக்குவம் முழுக்க அவள் பொறுப்பு. கனமான டிரம்மைத் தினமும் இரண்டு பேர் எதிரெதிரே நின்று தூக்கினால் என்ன ஆகுமோ அது ஆயிற்று.

ஒருநாள் டிரம்மை இறக்கி வைத்துவிட்டுச் செல்வி சொன்னாள்: "அப்பா முலுண்டுல ஒரு மாப்பிள பாத்திருக்காவ. ஏசி ஆபீஸாம். தினம் லோக்கல் ட்ரெயின்ல ஃபர்ஸ்ட் கிளாஸ்ல போறானாம். அப்பாகிட்ட நீங்க பேசுதியளா, நான் பேசட்டா?"

"நானே பேசுதேன்" என்றேன், வீரமாக. ஒரு வாரம் பேசவில்லை. அவளே பேசிவிட்டாள்.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஏலே, வண்டி விஷயம் அத்துப்படின்னியே? இந்த டெம்போ ஆடுத ஆட்டத்த நிப்பாட்டு. ஞாயித்துக்கெழம செம்பூர் கல்யாண வீட்டுக்கு மாவு போவணும். அதுக்குள்ள நீ சரி பண்ணிட்டன்னா, முலுண்டுக்காரன வர வேண்டாம்னு சொல்லிருதேன். இல்லன்னா நீ கெளம்பிரு."

என் கல்யாணம் ஒரு சக்கரத்தில் வந்து நின்றது.

அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வரைக்கும் டெம்போ சாது. ஐம்பதைத் தொட்டதும் உட்கார்ந்திருக்கும் சீட் நடுங்கத் தொடங்கும். கண்ணாடியில் பின்னால் வரும் ஒரு பஸ் மூன்று பஸ்ஸாகத் தெரியும். அண்ணாச்சி ஏதாவது சொன்னால் மேஜை விசிறிக்கு முன்னால் நின்று பேசுவது போல இருக்கும். எழுபதைத் தாண்டினால் ஆட்டம் நின்றுவிடும். ஆனால் மும்பையில் எழுபதைத் தாண்டுவதற்கு இடம் எங்கே இருக்கிறது?

சந்துக்காரர்கள் எல்லோரும் வைத்தியம் சொன்னார்கள். எஞ்சின் என்றார் தையல்காரர். கண்ணேறு என்றார் அக்கா. மாட்டுங்காவில் நாங்கள் மாவு போடும் வீட்டில் ஒரு ரிட்டையரான மாமா, பால்கனியில் நின்றபடியே, "வீல் பேலன்சிங் பண்ணினேளோ? மெஷின்ல மாட்டிச் சுத்தினா அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுவானே!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மெஷின் எல்லாம் காது இல்லாதவர்களுக்கு. நமக்குக் காது இருக்கிறது.

வெள்ளிக்கிழமை இடது பக்கத்துப் பின் சக்கரத்தையும் முன் சக்கரத்தையும் கழற்றி இடம் மாற்றினேன். அண்ணாச்சியை ஏற்றிக்கொண்டு ஹைவேயில் ஐம்பதைத் தொட்டேன். சீட் அசையவில்லை! ஆனால் ஸ்டீயரிங் என் கையில் கிலுகிலுப்பை போல ஆடியது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"பாத்தியளா மாமா! சீட்ல இருந்தது கைக்கு வந்துட்டு!"

"நின்னுட்டா?"

"நிக்கல. எடம் மாறியிருக்கு."

"எடம் மாத்துததுக்காலே ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டுன?" என்றார் அண்ணாச்சி. ஆனால் நான் மாமா என்று கூப்பிட்டதை அவர் திருத்தவில்லை.

இந்த இடம் வரைக்கும், நம்புங்கள், நான் செய்தது சரி. வியாதி அந்த ஒரு சக்கரத்தோடு சேர்ந்து நகர்கிறது என்றால் குற்றவாளி அந்தச் சக்கரம்தான். அதை பஞ்சர் கடைக்கு உருட்டிக்கொண்டு போய் வேறு டயர் மாட்டச் சொன்னேன். பஞ்சர் கடைக்கார வடநாட்டு பையா சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார். ரிம்மின் உட்பக்கத்தில், பாதி வட்டத்துக்கு, சாம்பல் நிறத்தில் கல் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. பையா சுத்தியலை எடுத்தபடி, இது என்ன என்று கேட்டார்.

"யே க்யா ஹை?"

"ஹாத் மத் லகா!" கை வைக்காதே என்று நான் பாய்ந்தேன். "கம்பெனி கா ஹை!"

சக்கரம் சமமாகச் சுற்றுவதற்காகக் கம்பெனியே வைத்த எடை அது என்று விளக்கினேன். கம்பெனிக்காரன் என்ன முட்டாளா என்றும் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு டயரை மட்டும் மாற்றினார். நான் அந்தக் கல்லை மண்ணெண்ணெய்த் துணியால் பக்தியோடு துடைத்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. மாவு டிரம்கள் ஏறிவிட்டன. சக்கரத்தை மாட்டி, நட்டுகளை விரலால் திருகிவிட்டு, இறுக்குவதற்கு ஸ்பானரை எடுத்தேன்.

"லேய், நிறுத்து!" என்றார் அண்ணாச்சி. "நாலரை ஆயிட்டு. ராகுகாலம்."

"முறுக்குதது மட்டுந்தான் மாமா பாக்கி."

"முறுக்குததுதாம்லே வேல. ராகுகாலத்துல முறுக்குன நட்டு நிக்குமா? ஸ்பானர கீழ வையி."

வைத்தேன். ராகுகாலம் முடியும் வரை டீ குடித்தோம். முடிந்ததும் ஒரே பரபரப்பு. ஜாக்கியை இறக்கினோம். கற்பூரம், தேங்காய், நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். சந்தே கூடி நின்று கும்பிட்டது. சந்தனமும் குங்குமமும் வைப்பது என் வேலை. அந்த முன் சக்கரத்தின் ஒவ்வொரு நட்டுக்கும் தனித்தனியாகப் பொட்டு வைத்தேன். அவ்வளவு பக்கத்தில் முகத்தை வைத்திருந்தும், ஸ்பானர் என் ஞாபகத்துக்கு வரவில்லை. எலுமிச்சம்பழம் நசுங்கியது. கிளம்பிவிட்டோம்.

நான் ஸ்டீயரிங்கில். நடுவில் அண்ணாச்சி, மதில் சுவர் போல. அந்தப் பக்கம் ஜன்னலோரம் செல்வி. சயன் தாண்டுவதற்குள் டெம்போ ஆட ஆரம்பித்தது.

"என்னலே, இப்ப இருபதுலயே ஆடுது?"

"டயரு புதுசுல்லா மாமா. பழகணும்."

செம்பூர் நாகா நெருங்கும்போது ஒரு சின்னக் குலுக்கல். அதன் பிறகு ஆட்டம் சட்டென்று நின்றது. வண்டி வெண்ணெய் போலப் போனது. நான் பெருமையோடு அண்ணாச்சியைப் பார்த்தேன். அப்போது இடது பக்கமாக ஒரு சக்கரம், தன்னந்தனியாக, எந்த வண்டியும் இல்லாமல், எங்களை முந்திக்கொண்டு போனது.

"அப்பா, அங்கன பாருங்க" என்றாள் செல்வி. "யாரோட வீலோ போவுது."

"ஐயோ பாவம்" என்றார் அண்ணாச்சி. "எவன் வண்டியோ? அவன் என்ன பாடு படுதானோ."

நானும் வருத்தப்பட்டேன். வருத்தப்பட்டதோடு நிற்காமல், அந்தச் சக்கரம் குறுக்கே வந்துவிடக் கூடாதே என்று அதற்கு ஹாரன் அடித்தேன். அது கேட்கவில்லை. சக்கரத்தின் நடுவில் சந்தனமும் குங்குமமும் இருந்ததை நான் கவனித்தபோது, ரோட்டோரத்து பேல்பூரிக்காரர் கத்தினார்: "அரே பாகல், தேரா ஹி டயர் ஹை!" பைத்தியக்காரா, உன் டயர்தான் அது என்று.

பின்னால் டிரம்களின் பாரம் இருந்ததால் அதுவரை வண்டி மூன்று காலில் தாக்குப்பிடித்திருந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். டெம்போ மூக்கைத் தரையில் வைத்துக் கும்பிட்டது. தீப்பொறி பறந்தது. மாவு டிரம் ஒன்று மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு எங்கள் பின் கண்ணாடியை வெள்ளையடித்தது.

நான் இறங்கிச் சக்கரத்தைத் துரத்தினேன். அது ஓர் ஆட்டோவைச் சுற்றிக்கொண்டு, நடைபாதையில் ஏறி, ஒரு ஹவுசிங் சொசைட்டியின் கேட்டுக்குள் நுழைந்து, சுவரில் மோதி விழுந்தது. பின்னாலேயே ஓடிய என்னை வாட்ச்மேன் மறித்தார். "கிஸ்கே கர் ஜானா ஹை?"

அதாவது சக்கரத்தை விட்டுவிட்டார். என்னைத்தான் எந்த வீட்டுக்கு வந்தாய் என்று கேட்டார்.

செல்வியும் அண்ணாச்சியும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்கள். சுவரில் மோதிய வேகத்தில் ரிம்மிலிருந்த கம்பெனிக் கல்லில் ஒரு துண்டு உடைந்து விழுந்திருந்தது. செல்வி அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். உடைந்த இடம் வெள்ளையாக இருந்தது. மோந்து பார்த்தாள்.

"அப்பா, இது நம்ம மாவு."

துண்டை அண்ணாச்சியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"உளுந்து கூடிப்போன மாவு. புளிச்ச வாட இன்னும் போவல பாருங்க."

டெம்போவின் தளத்தில், பின் சக்கரத்துக்கு மேலே, துரு தின்ற ஓர் ஓட்டை உண்டு. பொங்கி வழிந்த மாவு அதன் வழியாகச் சொட்டி, ரிம்மில் படிந்து, காய்ந்து இறுகியிருக்கிறது. படிந்ததால் சக்கரம் ஆடியது. ஆடியதால் டிரம் இன்னும் வழிந்தது. வழிந்ததால் இன்னும் படிந்தது. அதைத்தான் நான் பையாவின் சுத்தியலிலிருந்து காப்பாற்றியிருந்தேன்.

"கம்பெனி வச்சதுன்னியாம்லே" என்றார் அண்ணாச்சி மெதுவாக. "நம்ம கம்பெனிதான்."

"மாமா..."

"அண்ணாச்சின்னு கூப்பிடு."

அங்கேயே உட்கார்ந்து செல்வி மீதி மாவையும் ஜாக்கிக் கம்பியால் கொத்திச் சுரண்டினாள். நட்டுகள் ரோட்டில் எங்கெங்கோ போய்விட்டன. மற்ற மூன்று சக்கரங்களிலிருந்தும் ஆளுக்கொன்றாகக் கழற்றி இதில் போடலாம் என்று நான் சொன்னேன். லாரி வாழ்க்கையில் நான் உருப்படியாகக் கற்ற ஒரே விஷயம் அதுதான். சொல்ல மட்டும்தான் என்னை விட்டார்கள். ஸ்பானரைச் செல்வி பிடுங்கிக்கொண்டாள். ஒவ்வொரு நட்டையும் மாட்டி, ஸ்பானர் மேல் ஏறி நின்று, சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தாள். பேல்பூரிக்காரர் கை தட்டினார்.

மாவு கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. (வழிந்த டிரம்மைத் தவிர. அதற்காக அங்கே கேட்ட பேச்சை இங்கே எழுத முடியாது.) திரும்பி வரும்போது ஹைவேயில் ஐம்பது. அறுபது. சீட்டும் ஆடவில்லை, கையும் ஆடவில்லை. அண்ணாச்சி பேச வாய் திறந்தார். குரல் நடுங்கவில்லை.

"வண்டி சரியாயிட்டு. சொன்ன சொல்லு சொன்னதுதான். முலுண்டுக்காரன வேண்டாம்னு சொல்லிருதேன். ஆனா எவன நம்பி இந்த டெம்போவக் குடுப்பேன்? எம் பொண்ண எப்படிக் குடுப்பேன்?"

செல்வி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "எனக்கு லைசன்ஸ் எடுத்துக் குடுங்கப்பா. மாவையும் நானே கொண்டுபோயிருதேன், இவரையும் நானே கொண்டுபோயிருதேன்."

அப்படியே நடந்தது. இன்றைக்கும் டெம்போவை ஓட்டுவது அவள்தான். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து டிரம்மைப் பார்த்துக்கொள்கிறேன். எந்த வண்டியாவது எங்களை முந்திப் போனால் போதும். அது ஆட்டோவோ, ஆம்புலன்ஸோ, மந்திரியின் காரோ, செல்வி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பாள்: "என்னங்க, அது நம்மளதா?"

நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, ஒழுங்காகப் பதில் சொல்வேன்.

"இல்ல. நாலும் இருக்கு."